கம்பு பிடித்தால் கணக்கு வருமா?

கேள்வி (3 நவம்பர் 2025)

மகள் எட்டாம் வகுப்பு. பி.டி. மாஸ்டர் அவளை 'போல் வால்ட்' விளையாட்டில், அதாவது கம்பு ஊன்றித் தாண்டுவதில், சேர்க்கச் சொல்கிறார். வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சு. கோகோ, ஓட்டப்பந்தயம் என்றாலும் பரவாயில்லை. கம்பை ஊன்றி எகிறிக் குதிப்பதில் என்ன படிப்பு வந்துவிடப் போகிறது? "கணக்கு, சயின்ஸ் எல்லாம் இதிலேயே இருக்கு மேடம்" என்கிறார் அவர். ஆள் பிடிக்கச் சொல்லும் பேச்சா, நிஜமா?

3 நவம்பர், இரவு

நிஜம்தான். ஆனால் கம்பு பிடித்த பிள்ளை கணக்கில் நூறு வாங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை. ஏற்கெனவே நூறு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை கம்பு பிடித்ததைப் பார்த்திருக்கிறேன், அது வேறு.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். படிக்கிற காலத்தில் மூங்கில் கம்பில் மணல் குழியில் தாண்டியவன். மாவட்டப் போட்டிக்கு மேல் போனதில்லை. பி.டி. பீரியடைப் பிடுங்கிப் போர்ஷன் முடிப்பது எங்கள் இனத்தின் பிறவிக்குணம். நான் அதைத் திருப்பிப் போட்டு, அவ்வப்போது என் பீரியடை மைதானத்தில் எடுக்கிறேன். ஹெச்.எம். இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

முதல் கணக்கு இது. ஓடி வரும் வேகம்தான் உயரமாக மாறுகிறது, கம்பு நடுவில் இருக்கும் தரகர். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 20ஆல் வகுத்தால் எவ்வளவு உயரம் ஏறலாம் என்று வந்துவிடும் (புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டு). விநாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறவருக்கு 5 மீட்டர். உடலின் புவியீர்ப்பு மையம் ஓடும்போதே தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதையும் கூட்டினால் 6. ஸ்வீடனின் டுப்ளாண்டிஸ் 2025 செப்டம்பரில் டோக்கியோவில் தாண்டியது 6.30 மீட்டர். அவர் வேகம் 10ஐக் கொஞ்சம் தாண்டும், அப்புறம் மேலே போய்க் கையால் கம்பைத் தள்ளுவதிலும் கொஞ்சம் கிடைக்கும். மூன்று வரிக் கணக்கு உலக சாதனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. கரும்பலகையில் இதைப் போட்டால் பின்பெஞ்சுகூட நிமிர்ந்து பார்க்கும்.

உங்கள் மகள் விநாடிக்கு 6 மீட்டர் ஓடினால் 1.8 மீட்டர், மையத்துக்கு 0.9, ஆக 2.7. ஆரம்பத்தில் இதில் பாதிகூட வராது. ஏன் வரவில்லை, அந்த ஆற்றல் எங்கே போயிற்று என்று தேடுவதுதான் பாடம்.

4 நவம்பர்

"வேகத்தை எப்படி அளப்பது, போலீஸ்காரர் துப்பாக்கியா வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஸ்டாப்வாட்ச் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கடைசி 5 மீட்டருக்கு இரண்டு கோடு போட்டு ஆளுக்கொரு வாட்ச் கொடுங்கள். ஒருத்தி 0.7 விநாடி என்பாள், ஒருவன் 0.8, இன்னொருவன் 0.9. ஓடியது ஒரே பிள்ளை. 0.8 என்றால் வேகம் 6.25, ஏறக்கூடிய உயரம் 1.95 மீட்டர். 0.7 என்றால் 7.14, உயரம் 2.55. கால் நொடியில் பாதிகூட இல்லாத ஒரு தடுமாற்றத்துக்கு 60 சென்டிமீட்டர் வித்தியாசம்! வேகத்தில் வரும் பிழை உயரத்தில் இரண்டு மடங்காகிறது, வர்க்கம் செய்கிற வேலை.

பிழை என்ற பாடத்தைப் பதினொன்றாம் வகுப்பில் முதல் மாதமே எடுக்கிறோம். பிள்ளைகள் அதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்து, வாந்தி எடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இங்கே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தானாகவே சொன்னான்: "சார், வாட்சு மேல தப்பில்ல, நம்ம கட்டை விரல் மேலதான் தப்பு." அதற்கு மேல் நான் என்ன நடத்த?

தீர்வையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். செல்போனில் ஸ்லோமோஷன், நொடிக்கு 240 படம். 0.8 விநாடி என்றால் 192 படம். ஒன்றிரண்டு படம் முன்னே பின்னே எண்ணினாலும் பிழை ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். பள்ளிக்குச் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி, ஆகவே என் போன். அதில் இப்போது குடும்பப் படங்களைவிட அடுத்தவர் பிள்ளைகளின் முழங்கால்தான் அதிகம்.

4 நவம்பர், பிறகு

நல்ல கேள்வி ஒன்று தனியாக வந்தது. என் கணக்கில் உடல் எடையே வரவில்லை, இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. அப்படியிருக்க, கம்புகளின் மேல் ஏன் இத்தனை கிலோவுக்கு என்று அச்சடித்து விற்கிறார்கள்?

வகுப்பிலும் இதே கேள்வி வந்தது. நாளைக்கு எழுதுகிறேன், விடைத்தாள் கிடக்கிறது.

6 நவம்பர்

எடை உயரத்தைத் தீர்மானிக்காது, கம்பு எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிக்கும். 40 கிலோ பிள்ளைக்கு 70 கிலோக் கம்பைக் கொடுத்தால் கம்பு வளையாது, பிள்ளையைத் திருப்பி ஓடுபாதையிலேயே தள்ளிவிடும். 70 கிலோ ஆளுக்கு 40 கிலோக் கம்பு என்றால் கம்பு அளவுக்கு மீறி வளையும், ஒடியவும் ஒடியும். இதில் பின்னதுதான் ஆபத்து.

கம்பின் மேல் எடையோடு இன்னொரு எண்ணும் இருக்கும், ஃப்ளெக்ஸ் எண். கம்பை இரண்டு தாங்கிகளின் மேல் படுக்கவைத்து, நடுவில் 50 பவுண்டு, அதாவது 22.7 கிலோவைத் தொங்கவிட்டு எத்தனை சென்டிமீட்டர் தொய்கிறது என்று பார்ப்பார்கள். எண் சிறியதென்றால் கம்பு விறைப்பானது.

இதை வகுப்பில் செய்ய ஃபைபர் கம்பு வேண்டியதில்லை. பந்தல்காரரிடம் ஒரு மூங்கில், இரண்டு பெஞ்சு, ஒரு வாளி. வாளியில் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள், லிட்டருக்கு ஒரு கிலோ. ஒவ்வொன்றுக்கும் தொய்வைக் குறித்து வரைபடம் போட்டால் ஏறக்குறைய நேர்கோடு வரும். இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். அடுத்ததுதான் சுவாரசியம். பெஞ்சுகளை நெருக்கி இடைவெளியைப் பாதியாக்குங்கள், வாளி அதே எடை. தொய்வு பாதியாகும் என்று மொத்த வகுப்பும் கை தூக்கும். 4 சென்டிமீட்டர் தொய்ந்தது அரை சென்டிமீட்டராகிவிடும். எட்டில் ஒரு பங்கு. இடைவெளியின் கன அளவுக்குத் தொய்வு.

"அதான் கையைக் கீழே இறக்கிப் பிடிச்சா கம்பு வளைய மாட்டேங்குது" என்று தாண்டுகிற பிள்ளை ஒருத்தி சொன்னாள். அவள் உள்ளங்கைக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது, நோட்டுக்கு இப்போதுதான் வந்தது. பி.டி. மாஸ்டர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்றேனே, அது இந்த இடத்தில்தான். கணக்கை அவர் புதிதாகக் கற்றுத்தரவில்லை, கணக்குக்கு ஒரு சொந்தக்காரியை உருவாக்கியிருக்கிறார்.

7 நவம்பர்

கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேற்றைய குறிப்பில் சரியாகக் கை வைத்திருக்கிறார். பெஞ்சில் கம்பு படுத்திருக்கிறது, எடை குறுக்கே இழுக்கிறது. தாண்டும்போது கம்பு நிற்கிறது, இரண்டு முனையிலிருந்தும் நெடுக்காக அழுத்தப்பட்டு வளைகிறது, தூண் பிதுங்குவது போல. அங்கே நீளம் பாதியானால் தாங்குதிறன் நான்கு மடங்கு, எட்டு அல்ல. கணித மேதை ஆயிலர் 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்னது.

எட்டோ நான்கோ, கை இறங்கினால் கம்பு விறைக்கும் என்பது நிற்கிறது. ஆனாலும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கையில் கொடுத்து இரண்டு முனையையும் அழுத்தச் சொன்னால் தெரியும். கொஞ்ச நேரம் அசையாது, அப்புறம் சட்டென்று ஒரு பக்கம் வில்லாகும். வாளி கணக்கில் அந்தச் "சட்டென்று" கிடையாது.

9 நவம்பர்

ஞாயிற்றுக்கிழமை. இயற்பியலை விட்டு வருகிறேன்.

வரலாற்று ஆசிரியர்கள் இந்த விளையாட்டை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. முதலில் கனமான மரக்கம்புகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூங்கில் வந்தது. எடை குறைவு, உள்ளே வெற்றிடம், கணுக்கணுவாய்த் தடுப்பு, நெடுக நார். (மூங்கில் ஒரு புல் என்று சொன்னால் ஆறாம் வகுப்பு இன்னும் சிரிக்கிறது.) பின்னாளில் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துக் கம்பு செய்தவர்கள் அதே ஏற்பாட்டைத்தான் ஆலையில் செய்தார்கள்.

மூங்கில் காலத்தில் ஜப்பான்காரர்கள் இதில் ராஜாக்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மெடோஸ் 4.35 தாண்டித் தங்கம் வாங்கினார். ஜப்பானின் நிஷிதாவும் ஓயேவும் ஆளுக்கு 4.25. இருவரும் இரண்டாம் இடத்துக்காகத் தங்களுக்குள் போட்டியிட மறுத்தார்கள். வெள்ளி நிஷிதாவுக்கு, வெண்கலம் ஓயேவுக்கு என்று முடிவானது. ஊருக்குப் போனதும் இரண்டு பதக்கங்களையும் நெடுக்கில் அறுத்துப் பாதிப் பாதியாக ஒட்டவைத்துக்கொண்டார்கள். ஆளுக்குப் பாதி வெள்ளி, பாதி வெண்கலம். ஓயே 1941இல் போரில் இறந்துவிட்டார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1940இல், அமெரிக்காவின் வார்மர்டாம் முதல்முதலாக 15 அடியைத் தாண்டினார். மூங்கில் கம்பில்தான். 1942இல் அவர் வைத்த 4.77 மீட்டர் 1957 வரை அசையவில்லை. 1960களில் கண்ணாடி இழைக் கம்பு வந்ததும் சாதனைகள் மளமளவென்று ஏறின. 1985இல் சோவியத் ஒன்றியத்தின் செர்கே புப்கா பாரிஸில் 6 மீட்டரைத் தொட்டார். ஆண்டை ஒரு பக்கமும் உயரத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் புள்ளி குத்தச் சொல்லுங்கள். கோடு எங்கே படுத்திருக்கிறது, எங்கே எகிறுகிறது என்று பார்த்து, அந்த ஆண்டில் உலகத்தில் என்ன நடந்தது என்று தேடச் சொல்லுங்கள். போர் ஓரிடத்தில் தெரியும், வேதியியல் ஓரிடத்தில் தெரியும்.

9 நவம்பர், இரவு

சொல்ல விட்டது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிலர் கம்பைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, அது சாய்வதற்குள் கைமேல் கை வைத்து ஏறியிருக்கிறார்கள். பிறகு அதைத் தடை செய்தார்கள். நெதர்லாந்தில் கால்வாயைக் கம்பால் தாண்டும் ஆட்டத்தில் இன்றும் அதுதான் முறை. 13 மீட்டர் கம்பு, 2017இல் ஒருவர் போய் விழுந்த தூரம் 22.21 மீட்டர். வழுக்கினால் தண்ணீர்.

எங்கள் பிள்ளைகளுக்கு வீடியோ காட்டினேன். மறுநாளே வாய்க்கால் பக்கம் போகலாமா என்று கேட்டார்கள். போகவில்லை.

12 நவம்பர்

மறுபடி யோசித்துப் பார்த்தேன். மேலே எழுதியதை ஒரு மூச்சில் படித்தால், மைதானத்தையும் வகுப்பறையாக்கிவிடு என்று நான் சொல்வது மாதிரி இருக்கிறது. அது வேண்டாம்.

இந்த வாரம் ஒரு பெண் நன்றாக ஓடி வந்து, ஊன்றி, காலைத் தூக்கிப் பாரை (மேலே குறுக்கே வைத்திருக்கும் கோலை) தொடாமல் பெட்டில், அதாவது விழுவதற்குப் போட்டிருக்கும் மெத்தையில், விழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்துப் பிரிவு ஆசிரியர் ஒருவர் நோட்டை நீட்டி "இப்ப நடந்தது எந்த ஆற்றல் மாற்றம், சொல்லு" என்றார். சிரிப்பு போயே போச்சு. தாண்டி முடித்தவளுக்குக் கொஞ்ச நேரம் தேவை. பாடம் அவள் கேள்வி கேட்கும்போது தொடங்கினால் போதும்.

இன்னொன்று, எல்லாப் பாடத்தையும் இதில் திணிக்கவும் முடியாது. வேதியியலுக்குப் பிசின் வரைக்கும் போகலாம், அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். தமிழ் நன்றாக வந்தது. தாண்டியதை நான்கு வரியில் எழுதச் சொன்னபோது ஒருவன் "கம்பு என்னைத் தூக்கியது" என்றும் இன்னொருத்தி "நான் கம்பைத் தள்ளினேன்" என்றும் எழுதினார்கள். யார் செய்தது, யார் செய்யப்பட்டது என்று தமிழம்மா வகுப்பில் அரை மணி நேரம் வாதம். நான் போய் நியூட்டனின் மூன்றாம் விதியைச் சொல்லலாம் என்று நினைத்தேன். தமிழம்மா பார்த்த பார்வையில் திரும்பிவிட்டேன்.

13 நவம்பர்

போட்டிக்குக் கம்பை எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டவருக்கு: திட்டு வாங்கிக்கொண்டுதான். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டார். ரயிலில் கேள்வி மேல் கேள்வி.

ஒருமுறை வேன் பேசினோம். உள்ளே 3 மீட்டர் நீளம், 1.5 அகலம், 1.5 உயரம். கம்பு 12 அடி, அதாவது 3.66 மீட்டர். "நீளவாக்கில் போகாது, மூலைக்கு மூலை போகுமா?" என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். பித்தாகரஸை இரண்டு முறை போட்டார்கள்: 9, 2.25, 2.25, கூட்டினால் 13.5, வர்க்கமூலம் 3.67. ஒரு சென்டிமீட்டர் மிச்சம்! வகுப்பே கை தட்டியது.

கம்புக்குத் தடிமன் உண்டு, வேனுக்கு சீட் உண்டு, டிரைவருக்குத் தலை உண்டு. கூரையில் கட்டி, முனையில் சிவப்புத் துணி தொங்கவிட்டுத்தான் போனோம்.

16 நவம்பர்

தாண்டாத பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். ஸ்கோர் ஷீட். இதைவிட நல்ல தர்க்கப் பாடம் எனக்குத் தெரியாது.

தாண்டினால் வட்டம், தவறினால் பெருக்கல் குறி, அந்த உயரத்தை விட்டால் கோடு. ஒரு உயரத்துக்கு மூன்று வாய்ப்பு, தொடர்ந்து மூன்று தவறினால் வெளியே. இருவர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்த உயரத்தை யார் குறைந்த முயற்சியில் தாண்டினார் என்று பார்க்க வேண்டும். அதிலும் சமம் என்றால் அதுவரை மொத்தம் யாருக்குப் பெருக்கல் குறி குறைவு. முதல் பெண் 2.60ஐ முதல் முயற்சியில், 2.70ஐ இரண்டாவதில். அடுத்தவள் இரண்டையும் இரண்டாவது முயற்சியில். இருவரும் 2.80இல் வெளியே. முதலாமவளுக்கு ஒரு பிழை, அடுத்தவளுக்கு இரண்டு, ஆக முதலாமவள் மேலே. இப்போது மூன்றாவது ஒருத்தி 2.60ஐத் தொடாமலே விட்டு, 2.70ஐ இரண்டாவதில் தாண்டியிருந்தால்? அவளுக்கும் பிழை ஒன்றுதான். முதலாமவளுக்குச் சமம், ஒரு தாண்டல் குறைவாகத் தாண்டி! "அப்ப அவ புத்திசாலியா, சோம்பேறியா?" என்று கேட்டான் ஒருவன்.

விடுவதில் இன்னொரு நுணுக்கம். 2.70இல் ஒரு முறை தவறியவள் "2.80க்குப் போகிறேன்" என்று விட்டால், அங்கே அவளுக்கு மூன்று இல்லை, மிச்சம் இரண்டுதான். தவறு கூடவே வரும். வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது.

17 நவம்பர்

1936 கதையைச் சொன்னேன் இல்லையா, அதற்கு ஒரு ஜோடி இருக்கிறது. 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் நினா கென்னடியும் அமெரிக்காவின் கேட்டி மூனும் 4.90இல் சமமாக நின்று, மேற்கொண்டு தாண்டாமல் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். இது நியாயமா என்று வகுப்பில் வாதம் வைத்தோம். "பாதி அறுத்தவங்கதான் நிஜ நண்பர்கள், இவங்களுக்கு ஆளுக்கொரு முழுப் பதக்கம், நஷ்டம் யாருக்கு?" என்று ஒரு கட்சி. இரண்டு மணி நேரம் தாண்டிக் களைத்தவர்களை இன்னும் ஏன் வதைக்க வேண்டும் என்பது எதிர்க்கட்சி. முடிவு எட்டப்படவில்லை. குடிமையியல் ஆசிரியர் மிகுந்த மகிழ்ச்சி.

1972 மியூனிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது வகைக் கம்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்று போட்டி நெருங்கிய நேரத்தில் தடை போட்டார்கள். அமெரிக்காவின் சீக்ரன் பழக்கமில்லாத கம்பில் தாண்டி வெள்ளி வாங்கி, அந்தக் கம்பைக் கொண்டுபோய் அதிகாரியிடமே கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் கிடைக்காத கருவி என்றால், நம் பள்ளிகளில் பாதிக்கு மேல் பெட்டே கிடையாது. அதற்கு யார் தடை போடுவது?

20 நவம்பர்

கேள்வி கேட்ட அம்மாவுக்கு, உங்கள் பயம் நியாயமானது, அதை நான் இதுவரை தட்டிக்கழித்துவிட்டேன்.

பெட் இல்லாத இடத்தில் பார் வைத்துத் தாண்டவிட்டால் மகளை அனுப்பாதீர்கள். ஒழுங்கான மாஸ்டர் முதல் சில வாரம் பாரையே காட்ட மாட்டார். கம்பைத் தாழப் பிடித்து, நான்கு அடி நடந்து, நீளம் தாண்டும் மணல் குழியில் ஊன்றி, அந்தப் பக்கம் காலால் இறங்கவைப்பார். மேல்கை நேராக நீண்டிருக்க வேண்டும், பாதியில் கம்பை விடக் கூடாது, இந்த இரண்டையும் நச்சரித்துக்கொண்டே இருப்பார். நேரில் போய் ஒரு நாள் பாருங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைக்கு எதற்கு என்று உங்கள் வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள், நீங்கள் எழுதாவிட்டாலும். ஒலிம்பிக்கே 2000 சிட்னியில்தான் பெண்களுக்குக் கம்பைக் கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த இந்தச் சில ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாதனையைத் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். சுரேகா 2014இல் வைத்த 4.15 மீட்டரை 2022 குஜராத் தேசிய விளையாட்டில் ரோஸி மீனா 4.20 தாண்டி எடுத்தார். அதே போட்டியில் ஆண்கள் சாதனையைச் சிவா 5.31க்கு உயர்த்தினார், 2025இல் மத்தியப் பிரதேசத்தின் தேவ் மீனா அதைத் தாண்டிவிட்டார். யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் இலங்கைச் சாதனையை மாற்றி எழுதியவர்.

24 நவம்பர்

நல்ல மழை. மைதானத்தில் பாக்ஸ், அதாவது கம்பை ஊன்றும் குழி, நிரம்பிக் கிடந்தது. இறைப்பதற்கு முன் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடச் சொன்னேன்.

பாக்ஸ் 1 மீட்டர் நீளம். முன்பக்கம் 60 சென்டிமீட்டர் அகலம், பின்பக்கம் 15. ஆழம் முன்னே பூஜ்யம், பின்னே 20. சரிவகப் பரப்பு 0.375 சதுர மீட்டர், சராசரி ஆழம் 10 சென்டிமீட்டர், பெருக்கினால் 37.5 லிட்டர். எல்லோரும் இதையே போட்டார்கள். இது தப்பான வழி. அகலமான இடத்தில் ஆழம் குறைவு, ஆழமான இடத்தில் அகலம் குறைவு, ஆகவே சராசரியைச் சராசரியால் பெருக்க முடியாது. பிளஸ் டூ பிள்ளை தொகையீடு போட்டாள், சரியாக 30 லிட்டர்.

வாளியால் இறைத்து அளந்தோம். 37ஐத் தாண்டியது.

பிளஸ் டூக்காரி அழாத குறை. அப்புறம் கோணமானியோடு இறங்கிப் பார்த்தால், பாக்ஸின் பக்கச் சுவர் நேராக நிற்பதில்லை, வெளிப்பக்கமாகச் சாய்ந்து அடித்தளத்தோடு சுமார் 120 டிகிரி வைத்திருக்கிறது. அந்தச் சாய்வில் கூடுதலாக ஏழெட்டு லிட்டர் பிடிக்கும். 30ஓடு சேர்த்தால் கணக்கு நேர்.

எட்டாம் வகுப்பு விடவில்லை. "சார், நாங்க தப்பா போட்டும் விடை சரி, அக்கா சரியா போட்டும் விடை தப்பு. யாருக்கு மார்க்?"

வழிமுறைக்கு அக்காவுக்கு நாலு, விடைக்கு உங்களுக்கு ஒன்று என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்களாம்.

25 நவம்பர்

பாக்ஸில் மறுபடி தண்ணீர். யாரும் அளக்க முன்வரவில்லை.